இரவல் போன தெளிப்பான்

நோயுற்ற இலையை ஒரு நெகிழிப் பையில் இட்டு மருந்துக்கடைக்கு எடுத்துச் செல்வது எங்கள் பக்கத்து உழவர் வழக்கம். கடைக்காரர் வயலைக் காண்பதில்லை; மண்ணைத் தொடுவதுமில்லை. கல்லாப்பெட்டிக்கு மேலே எரியும் விளக்கில் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு பின்னால் இருக்கும் அடுக்கிலிருந்து ஒரு புட்டியை எடுத்து முன்னால் வைப்பார். அவ்வளவுதான். கல்லூரியில் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சான்று இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்தவன். அத்தகைய நானும் அந்தப் புரட்டாசியில் நான்கு தக்காளி இலைகளைப் பையில் போட்டுக்கொண்டு, சிறுவாச்சூர் நெடுஞ்சாலையில் பெரம்பலூர்ப் பேருந்துக்காகக் காத்து நின்றேன்.

எனக்கு இருப்பது ஓர் ஏக்கர் கரிசல் நிலம். கிணற்று நீர் அதில் பாதிக்குத்தான் போதும். முந்தைய ஆண்டு சின்ன வெங்காயம் போட்டேன். குமிழ் பருக்கும் தறுவாயில் மழை பெய்து அழுகிற்று. அதற்கு முந்தைய ஆண்டு பருத்தி, காய்க்குள் புழு. மூன்றாம் முறை நான் நாற்றுக்குச் சொல்லியனுப்பியபோது என் துணைவியார் அடுக்களையிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“ஏங்க, இந்த ஒரு போகம் பாருங்க. நான் தடுக்கல. இதுவும் போச்சுன்னா குத்தகைக்கு விட்டுடணும். அப்புறம் மண்ணு, மானம்னு பேசக் கூடாது.”

“பேசமாட்டேன்.”

“பையன்கிட்டயும் சொல்லிட்டேன். சாட்சி இருக்கு.”

வெளியூரில் இருக்கும் எங்கள் மகனுக்கு நான் வயலில் இறங்குவதே பிடிக்காது. தந்தை இந்த அகவையில் மருந்துத் தொட்டியை முதுகில் சுமப்பதை யாரோ படமெடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகவே அந்தப் போகம் எனக்குத் தேர்வு போல அமைந்தது. வென்றால் நிலம் என் கையில் இருக்கும். தோற்றால் இன்னொருவர் கைக்குப் போகும். குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்து வயல்காரர். என் நிலத்துக்கு மேற்கே அவருடைய மக்காச்சோளம். வடக்கே அவருடைய பருத்தி. உழைப்பாளி, நாற்பது கடந்தவர், என்னிடம் மிகுந்த பணிவுள்ளவர். இரண்டு ஆண்டுகளாகப் பொங்கலுக்குப் பொங்கல் வந்து, “ஐயாவுக்கு முடியாதப்ப சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்” என்பார். முடியாதப்ப என்ற அந்தச் சொல் எனக்கு ஒவ்வொரு பொங்கலிலும் கசக்கும்.

தக்காளியைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். எங்கள் வட்டாரத்தில் அதைப் பயிரிடுவோர் அரிது. பயிர் இல்லாத இடத்தில் அதன் பூச்சியும் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. அந்தக் கணிப்பு இருபது நாள் நின்றது. இருபத்தொன்றாம் நாள் காலையில் ஒரு செடியை மெல்ல அசைத்தேன். அடியிலிருந்து வெண்ணீறு போல் ஒன்று எழுந்து மீண்டும் செடியிலேயே அமர்ந்தது. வெள்ளை ஈ. அன்றே மஞ்சள் வண்ண ஒட்டும் அட்டைகளை வாங்கி வந்து குச்சிகளில் கட்டினேன். பயிருக்குச் சற்று மேலே அவை தொங்கினால் ஈக்கள் மஞ்சளை நாடி வந்து பசையில் ஒட்டிக்கொள்ளும்.

தெளிப்பான் என்னிடம் முன்பே இருந்தது. மின்கலத்தால் இயங்குவது, பதினாறு லிட்டர் கொள்ளும். பருத்தி போட்ட ஆண்டில் வாங்கியது. அதை மோட்டார்க் கொட்டகையில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். அக்கம்பக்கத்தில் யாருக்கு வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளலாம்; என்னிடம் கேட்க வேண்டியதில்லை; கொட்டகைச் சாவி கதவு நிலையின் மேல் இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் ஏணி, கடப்பாரை, தெளிப்பான் ஆகியவற்றை இல்லை என்று சொல்வது அநாகரிகம். கேட்கவே வேண்டாம் என்று சொன்னதில் எனக்கு ஒரு பெருமிதமும் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

முதல் தெளிப்பை எத்துணைக் கருத்தோடு செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் மூளுகிறது. மருந்துப் புட்டியோடு வந்த துண்டுத்தாளை உருப்பெருக்கியை வைத்துப் படித்தேன். பல மொழிகளுக்கு நடுவே, எறும்பு வரிசை போன்ற பொடியெழுத்தில் தமிழ் இருந்தது. அளவை ஊசிக்குழலால் எடுத்தேன். காற்று அடங்கும் வரை காத்திருந்து, மாலை நான்கு மணிக்குமேல் முழுக்கைச் சட்டை, முகமூடி, கண்ணாடியோடு இறங்கினேன். ஈக்கள் இலையின் அடிப்புறத்தில் வாழ்வதால், தெளிகோலைத் தாழ்த்தி, முனையை மேல்நோக்கித் திருப்பி, ஒவ்வொரு செடியையும் கீழிருந்து நனைத்தேன். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வயல்காரர் சிரித்தார்.

“என்னங்கய்யா, மருந்தடிக்கறீங்களா, ஒவ்வொரு செடிக்கா அபிஷேகம் பண்றீங்களா?”

“இலைக்கு அடியில் படவேண்டும்ப்பா. மேலே அடித்தால் ஈ குடை பிடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும்.”

“அது சரி. நாங்கல்லாம் பத்து டேங்க் அடிச்சு வூட்டுக்குப் போயி காபி குடிச்சிருப்போம். ஐயா இன்னும் மூணாவது வரிசையில நிக்கறீங்க.”

எட்டாம் நாள் புதுத் தளிர்கள் குறுகின. பன்னிரண்டாம் நாள் இலைகள் கயிறு போல் முறுக்கிக்கொண்டன. தண்டு வளைந்து, நுனி தரையைப் பார்த்தது. கொட்டகையை ஒட்டிய வரிசைகள் மிக மோசம். அந்த இலைகளில் நான்கைத்தான் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினேன்.

கடைக்காரர் லப்பைக்குடிக்காட்டு வணிகக் குடும்பத்தவர். உடன்பிறந்தார் மூவரும் வளைகுடா நாடுகளில். இவர் மட்டும் இங்கே உரமும் மருந்தும் விற்கிறார். நல்ல மனிதர், என்னை எப்போதும் உட்காரவைத்துத் தேநீர் வரவழைப்பார். இலையை விளக்கில் காட்டினார்.

“வைரஸ், சார். வெள்ளை ஈ கொண்டாந்து விட்டுட்டுப் போயிருக்கு. இலைச்சுருள். மருந்து அடிச்சீங்களா?”

“அடித்தேன். நீங்கள் கொடுத்ததுதான்.”

“அது சின்ன மருந்து. இத அடிங்க, கொஞ்சம் சூடான மருந்து. இன்ஷா அல்லாஹ் தளிர் மாறிடும்.”

அதை அடித்தேன். தளிர் மாறவில்லை, மேலும் முறுக்கிற்று. மீண்டும் பேருந்து, மீண்டும் பை, மீண்டும் அந்த விளக்கு. இம்முறை இரண்டு புட்டிகள் வந்தன. “ரெண்டையும் ஒரே டேங்க்ல கலந்து அடிச்சுப் பாருங்க, சார்” என்றார். கலந்து அடித்தேன். படமெடுத்து ஒரு வேளாண் அலுவலருக்கும் அனுப்பினேன். நோயாக இருக்கலாம், நேரில் பார்த்தால்தான் உறுதி சொல்ல இயலும் என்று விடை வந்தது. அவர் சொன்னதுதான் முறை. நான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு தெளிப்புக்கும் பின் நான்கு நாள் நம்பிக்கை, ஐந்தாம் நாள் கசப்பு. இப்படியே ஐப்பசி பிறந்தது. வயலில் சிலந்திகளும் பொறிவண்டுகளும் இல்லாமல் போயின. அவற்றுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த காய்ப்புழு மெல்ல வந்து சேர்ந்தது. செடி காய்க்கவே இல்லை. புழு மட்டும் காய்க்காகக் காத்திருந்தது.

ஒரு நாள் காலையில் என் துணைவியார் வயலுக்கு வந்தார். கொட்டகை ஓரத்தில் அவர் ஊன்றிய பூசணிக்கொடி ஒன்று உண்டு. பிஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வந்தார். நான் வரிசைக்கு நடுவே குனிந்திருந்தேன்.

“ஏங்க, இந்தப் பூசணிக்கும் அதே வியாதியா?”

“இருக்கலாம்.”

“இருக்கலாம்னா? இலை விசிறி மடிச்ச மாதிரி இருக்கு. கொடி கோணிக்கிட்டுப் போவுது. தக்காளிக்கு வர்றது பூசணிக்கும் வருமா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அந்நேரம் மனமில்லை.

“இதுக்கு நீங்க மருந்து அடிச்சீங்களா?”

“இல்லை. தெளிப்பு முடிந்ததும் தெளிப்பானைக் கழுவி, அந்த நீரை அங்கே ஊற்றுவேன். அவ்வளவுதான்.”

அவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். ஆணியில் தொங்கிய தெளிப்பானையும் பார்த்தார், கொடியையும் பார்த்தார்.

“அப்ப கழுவுன தண்ணியில என்ன இருந்துச்சு?”

நான் நிமிர்ந்தேன். தக்காளி நட்டிருந்த அரை ஏக்கரையும் முதன்முறையாக ஒரே பார்வையில் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதுவரை இலை இலையாகத்தான் பார்த்திருந்தேன். கொட்டகையை ஒட்டிய வரிசைகள் முற்றிலும் முறுக்கிக் கிடந்தன. நடுவயலில் முறுக்கு பாதியாகத் தளர்ந்திருந்தது. கிழக்கு வரப்பை ஒட்டிய கடைசி வரிசைகள் ஏறத்தாழ நலமாக நின்றன. ஒவ்வொரு முறையும் நான் கொட்டகைப் பக்கம் தொடங்கி, கிழக்கு வரப்பில் முடித்தேன். முதல் தொட்டி நீர் பட்ட செடிக்கு முழுக்கேடு. கடைசித் தொட்டி நீர் பட்ட செடிக்குக் கேடில்லை. ஈ என் தொட்டிகளின் வரிசையைக் கணக்கிட்டா நோய் பரப்பும்? குழாய்க்குள்ளும் தெளிகோலுக்குள்ளும் முன்பே தங்கியிருந்த ஏதோ ஒன்று, முதல் தொட்டியோடு வெளியேறி, போகப் போக மெலிந்திருக்கிறது.

அதோடு மஞ்சள் அட்டைகள். முதல் வாரம் அவற்றில் ஈக்கள் நிறைந்திருந்தன. பிறகு மாற்றிக் கட்டிய அட்டைகளில் ஒன்றிரண்டே. முதல் மருந்தே ஈக்களை அடக்கிவிட்டது. சான்று என் தலைக்கு நேரே நாள்தோறும் தொங்கிக்கொண்டிருந்தது. நானோ இல்லாத ஈயின்மேல் இரண்டாம் மருந்தையும் மூன்றாம் மருந்தையும் பொழிந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து வயல்காரர் அப்போது தம் பருத்தியில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். அவர் முதுகில் நீல வண்ணத் தெளிப்பான் ஒன்று இருந்தது. வரப்பேறிச் சென்றேன்.

“ஏம்ப்பா, என் தெளிப்பானை எடுத்தாயா?”

“எடுத்தேங்கய்யா. ஐயாதான் கேக்காம எடுத்துக்கச் சொன்னீங்களே. ஐயா நாத்து நட்டதும் ஒரு வாட்டி, அப்புறம் ஐயா மொத மருந்து அடிச்சப்பறம் ஒரு வாட்டி. பேட்டரி சார்ஜ் போட்டுத்தான் மாட்டுனேன்.”

“எதற்கு எடுத்தாய்?”

“சோளத்துக்குக் களை மருந்து அடிக்கத்தாங்க. மேல காடு ஒரு தடவ, கீழ காடு ஒரு தடவ.”

“உன்னிடமே ஒன்று இருக்கிறதே. இதோ முதுகில் இருக்கிறதே. பிறகு ஏன் என்னுடையது?”

அவர் மருந்தடிப்பதை நிறுத்திவிட்டு, உலகறிந்த ஒன்றை நான் மட்டும் அறியாதது போல, வெகு இயல்பாக விளக்கினார்.

“இது பருத்திக்குன்னு தனியா வச்சிருக்கறதுங்க. களை மருந்து அடிச்ச மிஷினப் பருத்தியில அடிச்சா அவ்வளவுதான், இலையெல்லாம் வெண்டை இலை மாதிரி கிழிஞ்சு கோணிப் போயிடும். எத்தன தண்ணி ஊத்திக் கழுவுனாலும் போவாது. அதான் சோளத்துக்கு ஒங்க மிஷின...”

அங்கே அவர் நின்றார். தம் வாய் என்ன சொன்னதென்று அவருக்கே கேட்டுவிட்டது. என் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“தக்காளிக்கும் ஆவாதுங்களா?”

“ஆகாது போலிருக்கிறது.”

தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டு அவர் வரப்பில் குந்திக்கொண்டார். “கழுவித்தாங்கய்யா வச்சேன். மூணு தண்ணி. எங்க வூட்ல அவ சோப்புத்தூள் போட்டு வேற கழுவுனா. பருத்திக்குத்தான் ஆவாதுன்னு தெரியும். தக்காளிய யாருங்க இங்க போட்டாங்க, தெரியறதுக்கு?”

எங்கள் கரிசலில் பிறந்த எவருக்கும் பருத்தியின் நலம் தெரியும். தம் பருத்திக்குத் தீங்கு நேரக்கூடாதென்று கருத்தாக இருந்த அந்த ஒழுங்கே என் தக்காளியை அழித்தது. அவர் ஒழுங்கில்லாதவராக இருந்திருந்தால் தம் தெளிப்பானையே எடுத்திருப்பார். அவர் பருத்தி கெட்டிருக்கும். என் பயிர் பிழைத்திருக்கும். குத்தகைக்காகத்தான் வேண்டுமென்றே செய்தாரோ என்ற ஐயம் ஒரு கணம் என்னுள் எழுந்தது. அது எழுந்ததற்காக உடனே நாணினேன். நாணியதற்காக மீண்டும் சினந்தேன். சினத்தைக் கொட்ட ஓர் இடம் வேண்டாவா? அவர்மேல் கொட்ட வழியில்லை. சாவி இருக்கும் இடத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்தவன் நான்.

பெரம்பலூர்க் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“களை மருந்து பட்ட இலைக்கும் வைரஸ் இலைக்கும் வித்தியாசம் ரொம்ப இல்ல, சார். ஸ்பிரேயர் யாரு கையில போச்சுன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. நீங்களும் சொல்லல.”

“எனக்கே தெரியாதே!”

“அதான், சார். நீங்க இலைய மட்டும் கொண்டாந்தீங்க.”

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. என்றாலும் அந்தச் சொற்றொடர் திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் என்னோடு வந்தது.

பிழைத்த வரிசைகளைக் கொண்டு ஏதேனும் செய்யலாமென்று இன்னும் ஒரு மாதம் நீர் பாய்ச்சினேன். நடுவயற் செடிகள் சில தளிர்த்துக் காய்க்கவும் செய்தன. ஆனால் காய்கள் உருண்டையாக இல்லை; எலுமிச்சை போல் நுனி கூம்பி நின்றன. ஒன்றை அரிந்து பார்த்தேன். உள்ளே வெற்றிடம், விதை ஒன்றுமில்லை. நலமாக நின்ற கிழக்கு வரிசைகளைக் காய்ப்புழு துளைத்தது. அதற்கும் ஒரு மருந்து உண்டு என்பதை நான் அறிவேன். கடைக்குப் போகவில்லை.

என் துணைவியார் மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்டார்.

“பையனுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“பூச்சியால் கெடவில்லையே. நோயாலும் கெடவில்லை. இதைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது?”

“நான் பூச்சியால போனாத்தான்னா சொன்னேன்? போச்சுன்னா விட்டுடணும்னுதான் சொன்னேன்.”

அவர் சொன்னது சரி. பேச்சின் வாசகத்தை நான்தான் வளைக்கப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் பிறர் அப்படி வளைத்தால் திருத்தியவன்.

குத்தகைக்கு விடத் துணிந்தபின் வந்த இடர்தான் எனக்கு உச்சமான எரிச்சலைத் தந்தது. இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது வேண்டாம் என்றார்.

“வேண்டாங்கய்யா. ஊர்ல என்ன பேசுவாங்க? வாத்தியாரு செடியக் கருக்கிட்டு நெலத்தப் புடுங்கிட்டான்னு சொல்வாங்க. எங்க வூட்லயும் வேண்டாங்கறா.”

வேறு யாரைத் தேடுவது? பாதிக்குத்தான் நீருள்ள ஓர் ஏக்கரை, சுற்றிலும் இன்னொருவர் வயல் சூழ்ந்திருக்க, யார் வந்து எடுப்பார்? மனை விற்கும் தரகர் ஒருவர் மட்டும் இருமுறை வந்தார். வரப்பில் நின்று அடிக்கணக்கில் பேசினார். அவரை அனுப்பிவிட்டு, என் பயிரைக் கெடுத்தவர் வீட்டுக்கு நானே நடந்தேன். என் நிலத்தை எடுத்துக்கொள்ளும்படி நானே அவரை வேண்டினேன். அவர் முகத்தை நிமிர்த்தவே இல்லை. அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து, “ஐயா கோவமாத்தான் வந்திருக்காரு, நீ ஒத்துக்காத” என்று மெல்லச் சொன்னது என் காதிலும் விழுந்தது.

இரண்டாம் முறை என் துணைவியார் உடன் வந்தார். அவருக்கு இரண்டு நொடியே தேவைப்பட்டது.

“ஏம்ப்பா, சும்மா போட்டா கருவேலந்தான் மொளைக்கும். அந்த வெதையெல்லாம் நேரா ஒன் பருத்திக்குத்தான் வரும். அது ஒனக்குச் சம்மதமா?”

அவர் தலையைச் சொறிந்தார். “ஒரு வருசத்துக்குங்க, ஆத்தா. ஐயா முடிஞ்சப்ப வந்து பாக்கணும். அப்பதான் எனக்கு ஒரு இதுவா இருக்கும்.”

கார்த்திகை மழை ஓய்ந்து ஈரம் சற்று உலர்ந்ததும் உழுவுந்தோடு வந்தார். தைப் பட்டத்தில் மக்காச்சோளம் விதைக்கப் போவதாகச் சொன்னார். குச்சிகளையும் மஞ்சள் அட்டைகளையும் முந்திய நாளே நான் பிடுங்கி அடுக்கிவிட்டேன். கொட்டகைப் பக்கத்திலிருந்து உழத் தொடங்கினார். முறுக்கிய செடிகள் ஒவ்வொரு வரிசையாக மண்ணுக்குள் புரண்டன. கிழக்கு வரப்பை அடைந்ததும் வண்டியை நிறுத்தாமல் வேகத்தை மட்டும் தணித்து, என் பக்கம் குனிந்தார்.

“ஐயா, ஒண்ணு சொல்லணுங்க. ஒங்க நெலத்துல களை மருந்து அடிக்க மாட்டேன். ஆள வச்சுக் கையாலயே எடுத்துடறேன்.”

களையெடுக்க ஆளா? எந்த ஊரில் கிடைக்கிறார்கள்? கடந்த பருவத்தில் என் தக்காளிக்கே பதினைந்து நாள் அலைந்து இருவரைப் பிடித்தேன். ஆள் வந்து சேர்வதற்குள் கோரையும் அருகும் சோளத்துக்கு மேல் எழுந்துவிடும், பயிர் கெடும், அந்த இழப்பும் என் மண்ணில்தான் நேரும், ஊர் மறுபடியும் பேசும். எனக்காக அவர் நேர்ந்துகொண்ட அந்த நோன்பு எவருக்கும் பயன்படாது.

“சோளம்தானே. அடித்துக்கொள்” என்றேன்.

உழுவுந்தின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. “என்னங்கய்யா?” என்று காதில் கை வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி, அதையே மீண்டும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.